தணலுக்கும் ஓர் இடம் வேண்டும்

கொல்லிமலையில் விடுமுறை மாலைகளில் சுட்ட கோழியின் வாசம் எழுகிறது. அந்த மகிழ்ச்சி யாருக்கு, மறுநாள் காலையின் சாம்பல் யாருக்கு?

காரவள்ளியில் தொடங்கும் ஏற்றம் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து முடியும்போது காது அடைத்திருக்கும், காற்று குளிர்ந்திருக்கும், வயிறு பசித்திருக்கும். சாலையோரம் சற்று அகலமான இடம் கண்டதும் வேன் நிற்கிறது. பின்கதவு திறந்ததும் முதலில் இறங்குவது ஒரு தகர அடுப்பு. அடுத்து கரி மூட்டை. அதற்கும் அடுத்து, மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டும் தயிரும் தடவிக் காலையிலேயே ஊறப்போட்ட கோழி. ஒருவர் காற்றுக்கு மறைப்பாக நிற்கிறார். இன்னொருவர் அட்டையால் விசிறுகிறார். புகை வந்த பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இடம் மாறுகிறார்கள். கொழுப்புச் சொட்டு கங்கில் விழுந்து ‘சுர்’ என்று பொங்கியதும் எல்லாப் பேச்சும் நின்று எல்லாக் கண்களும் அடுப்புக்குத் திரும்புகின்றன. மறுநாள் காலை அதே இடத்தில் கரிந்த புல்வட்டம், கசங்கிய அலுமினியத் தாள், எலும்புகள், உடைந்த புட்டி. மசாலா ஒட்டிய பிளாஸ்டிக் பையைக் குரங்கு ஒன்று பிரித்து நக்கிக்கொண்டிருக்கிறது.

இந்த இரண்டு காட்சிகளும் ஒரே அடுப்பினுடையவை. தமிழ்நாட்டின் மலைவாசத் தலங்களில் தங்கும் விடுதிகள் அறையோடு சேர்த்து ‘பார்பிக்யூ, கேம்ப் ஃபயர்’ என்று விளம்பரம் செய்யும் காலம் இது. மடக்கி எடுத்துச் செல்லும் கிரில் அடுப்பு இணையக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. வெட்டவெளியில் கறி சுடுவது இன்று நடுத்தரக் குடும்பத்தின் விடுமுறைக் கனவுகளில் ஒன்று. அதை முற்றாகத் தடுக்க வேண்டும் என்போரும், அது எங்கள் உரிமை என்போரும் தங்கள் வாதத்தில் பாதி உண்மையையே வைத்திருக்கிறார்கள். தீயின் மீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதற்கென ஓர் இடமும், பொறுப்பேற்க ஓர் ஆளும் இல்லாததுதான் குற்றம்.

நாக்கு ஏன் தணலைத் தேடுகிறது?

குழம்பில் வெந்த கறிக்கும் தணலில் சுட்ட கறிக்கும் சுவை வேறுபடக் காரணம் வெப்பம். தண்ணீர் இருக்கும் பாத்திரத்தில் வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. 1,200 மீட்டர் உயரத்தில் அது இன்னும் குறைந்து, 96 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். அதனால்தான் மலையில் குக்கர் இல்லாமல் பருப்பும் கறியும் வேகத் தாமதமாகிறது. தணலுக்கு இந்தத் தடை இல்லை. கறியின் மேற்பரப்பு உலர்ந்து 140 டிகிரியைத் தாண்டும்போது அதிலுள்ள புரதக் கூறுகளும் சர்க்கரையும் வினைபுரிந்து, பொன்னிறத்தையும் நூற்றுக்கணக்கான மணங்களையும் உண்டாக்குகின்றன. மெய்யார் வினை என்று இதற்குப் பெயர். உருகிச் சொட்டும் கொழுப்பு கங்கில் எரிந்து, புகையாக எழுந்து, மீண்டும் கறியில் படிகிறது. மலைக்காற்றின் குளிரும், காத்திருந்த பசியும், கையால் பிய்த்துத் தின்னும் உரிமையும் இத்தோடு சேரும்போது, வீட்டு அடுப்படியால் தர முடியாத ஒன்று கிடைக்கிறது. இந்த இன்பத்தை மறுத்துவிட்டுப் பேசும் எந்த அறிவுரையும் யார் காதிலும் ஏறாது.

இது இரவல் வாங்கிய பழக்கமும் அன்று. பொருநராற்றுப்படையில் கரிகாலன் அளித்த விருந்தில், கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சியின் சூடு தாங்காமல், பொருநர்கள் அதை வாயின் இப்பக்கமும் அப்பக்கமும் மாற்றி மாற்றித் தின்கிறார்கள். கொல்லிமலைக்கு இதைவிட நெருக்கமான சான்று உண்டு. இம்மலையை ஆண்ட வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டு ஒரு வெட்டவெளி விருந்தில் முடிகிறது. காட்டு வழியில் களைத்து வந்த பாணர் கூட்டத்துக்கு, தான் வேட்டையாடிய மானின் கொழுத்த கறியையும் மதுவையும் தந்து, கூடவே தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுக்கிறான் ஓரி. இன்றும் ஆடி மாதத்தில் அவன் பெயரால் இங்கே அரசு விழா நடக்கிறது. மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக விறகடுப்பில் சாமையும் தினையும் கேழ்வரகும் சமைத்து வாழும் மலை இது. குலசாமிக்குக் கிடா வெட்டி அங்கேயே அடுப்புக் கூட்டி, ஊரோடு உண்டு, இடத்தைத் துப்புரவு செய்து திரும்புவது தமிழ்நாடு முழுவதும் உள்ள வழக்கம். வெட்டவெளிச் சமையல் நமக்குப் புதிதில்லை. யார் பார்வையும் படாத இடத்தில் சமைத்து, யாருக்கும் பதில் சொல்லாமல் கிளம்பிவிடுவதுதான் புதிது.

சுடுபவருக்கே வரும் தொல்லைகள்

கரி எளிதில் பற்றாது. பொறுமை இழந்து மண்ணெண்ணெய் ஊற்றுபவருக்கு முகத்துக்கு நேரே தீ எழும்பும், கறியிலும் அந்த வாடை ஏறும். பற்றியதும் அவசரப்பட்டுக் கறியை வைத்தால் வெளிப்புறம் கருகி எலும்போரம் சிவந்திருக்கும். கரித்துண்டுகளின் மேல் வெண்சாம்பல் படரும் வரை, ஏறக்குறைய அரைமணி நேரம், காத்திருந்தால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கோழிப் பண்ணைகளுக்கும் முட்டைக்கும் நாடறிந்த நாமக்கல் அடிவாரத்தில் இருப்பதால், கறி பெரும்பாலும் கீழேயே வாங்கப்படுகிறது. வெயிலில் வண்டியின் பின்புறத்தில் வைத்து, வழியில் அருவி பார்த்து, மாலையில் அதை எடுத்துச் சுடும்போது, 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பத்தில் பல மணி நேரம் கிடந்த கறி அது. கிருமிகள் பல்கிப் பெருகும் வெப்பம் அதுதான். பச்சைக் கறியைப் புரட்டிய அதே இடுக்கியால் வெந்ததை எடுப்பதும், ஊறவைத்த மசாலாவையே மேலே மீண்டும் தடவுவதும் மீதி வேலையைச் செய்துவிடுகின்றன.

நீண்டகால நலமும் கணக்கில் வர வேண்டும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில், ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் சிவப்பு இறைச்சியை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை’ என்ற 2ஏ பிரிவில் வைத்தது. தீ நேரடியாகப் படும் சமையலில் தீங்கான வேதிப்பொருள்கள் கூடுதலாக உருவாகின்றன என்பதையும் அது சுட்டிக்காட்டியது. கொழுப்பு கங்கில் விழுந்து எழும் புகை, கருகிய தோல் ஆகிய இரண்டுமே அவற்றின் ஊற்று. ஆண்டுக்கு நான்கு முறை சுட்டுத் தின்பவர் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. கருகிய பகுதியை அறுத்தெறிவதும், சுவாலை எழும்போது கறியை ஓரம் நகர்த்துவதும், எலுமிச்சைச் சாறும் மஞ்சளும் பூண்டும் சேர்த்து நன்றாக ஊறவைப்பதும் அந்தத் தீங்கைக் குறைக்கும். நம் பாட்டிமார் ஊறவைத்துச் சமைத்த முறைக்கு இங்கே அறிவியலும் துணை நிற்கிறது.

■ பெட்டிச் செய்தி 1: சுடுமுன் கவனிக்க

• பச்சைக் கறியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தே மலையேற்றுங்கள். வெளியே எடுத்தால் 2 மணி நேரத்துக்குள் சமையுங்கள்.
• கோழியின் தடித்த பகுதியில், எலும்பை ஒட்டி 74 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறியிருக்க வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் கீறிப் பாருங்கள். சாறு தெளிந்து வர வேண்டும்.
• பெயர் தெரியாத செடியின் குச்சியில் கறி கோக்காதீர்கள். அரளி போன்றவை நஞ்சு. கம்பியே பாதுகாப்பு.
• பிளாஸ்டிக், தெர்மாகோல், வண்ணம் பூசிய பலகை ஆகியவற்றை அடுப்பில் போடாதீர்கள். அந்தப் புகை கறியில் படியும்.
• தமிழகச் சந்தைக்கு வரும் கரியில் பெரும்பகுதி, ராமநாதபுரம் போன்ற வறண்ட மாவட்டங்களில் சீமைக் கருவேல மரத்தை மூட்டம் போட்டு எரித்து எடுத்தது. மலையில் மரம் வெட்டி எரிப்பதைவிட அதைக் கொண்டுபோவதே நல்லது.

கங்கு உறங்குவதில்லை

தன் வயிற்றுக்கு வரும் தீங்கை ஒருவர் தெரிந்தே ஏற்றுக்கொள்ளலாம். காட்டுக்கு வரும் தீங்கை ஏற்றுக்கொள்ளும் உரிமை அவருக்குக் கிடையாது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கொல்லிமலை ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. மேற்பரப்பில் ஊர்களும் வயல்களும் காபி, மிளகுத் தோட்டங்களும் இருக்கின்றன. சுற்றிலும் சரிவுகளில் காடு இருக்கிறது. மாசி பிறந்ததும் அந்தச் சரிவுகளில் இலையுதிர் மரங்களின் சருகு கணுக்கால் ஆழத்துக்குக் கிடக்கும். காய்ந்த புல்லும் உண்ணிச்செடிப் புதர்களும் அதோடு சேரும். இப்படிப்பட்ட இடத்தில் தீ மேல்நோக்கித்தான் ஓடும். சரிவு 10 டிகிரி கூடினால் தீ பரவும் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது காட்டுத்தீ அறிஞர்களின் கணக்கு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் சென்ற 20க்கும் மேற்பட்டவர்கள் தீயில் சிக்கி உயிரிழந்தார்கள். அந்தத் துயரத்தைச் சமையல் தீயோடு முடிச்சுப் போடுவதற்காக இங்கே சொல்லவில்லை. கோடையில் காய்ந்த சரிவில் தீ ஏறினால், இளமையும் வேகமும் உள்ளவர்களாலும் ஓடித் தப்ப முடியாது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் நிகழ்வு தமிழ்நாட்டில் இல்லை.

கறி தின்று முடித்தபின் மண்ணை அள்ளி அடுப்பின் மேல் போட்டுவிட்டு, அணைந்துவிட்டது என்று நம்பிக் கிளம்புவது பரவலான தவறு. மண்ணுக்கடியில் கங்கு ஒரு பகலும் ஓர் இரவும்கூட உயிரோடு இருக்கும். நள்ளிரவில் அடிக்கும் மலைக்காற்று ஒரு பொறியைத் தூக்கிச் சருகில் போட்டால் போதும், அப்போது அடுப்பு மூட்டியவர் சேலத்திலோ திருச்சியிலோ உறங்கிக்கொண்டிருப்பார். தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மீண்டும் ஊற்றி, புறங்கையை அருகில் வைத்துப் பார்த்துச் சூடு இல்லை என்று உறுதியானால்தான் தீ அணைந்தது என்று பொருள். காப்புக் காட்டுக்குள் தீ மூட்டுவதை 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமே குற்றம் என்கிறது. ஆனால் காப்புக் காடு எங்கே தொடங்குகிறது என்பது சாலையோரம் வண்டி நிறுத்தும் வெளியூர்க்காரருக்குத் தெரிவதில்லை. சட்டம் 140 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அதைச் சொல்லும் பலகை ஒவ்வொரு வளைவிலும் இன்னும் வரவில்லை.

■ பெட்டிச் செய்தி 2: அறைக்குள் கரி வேண்டாம்

• 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சென்ற நண்பர் குழுவில் இரண்டு இளைஞர்கள், கோழி சுட்ட கரி அடுப்பைக் குளிருக்காக அறையில் வைத்துக்கொண்டு உறங்கியபோது உயிரிழந்தார்கள்.
• கரி எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு சேர்ந்துகொள்ளும்.
• புகை இல்லாத தணல் பாதுகாப்பானது என்ற நம்பிக்கைதான் ஆபத்து. அறை, கூடாரம், கண்ணாடி ஏற்றிய வண்டி ஆகிய எதற்குள்ளும் கரி அடுப்பைக் கொண்டுபோகாதீர்கள்.
• தலைவலி, குமட்டல், மயக்கம் தோன்றினால் உடனே வெளிக்காற்றுக்கு வந்து மருத்துவ உதவி பெறுங்கள்.

காசு கீழே, குப்பை மேலே

இந்தப் பொழுதுபோக்கின் வரவு செலவைப் பார்த்தால் அநீதி எங்கே என்பது புரியும். கோழி கீழிருந்து வருகிறது. மசாலா, கரி, தட்டு, தண்ணீர்ப் புட்டி எல்லாமே கீழிருந்துதான் வருகின்றன. வண்டியிலேயே எல்லாம் ஏறிவரும் நாளில் சோளக்காட்டுச் சந்தையில் மிளகும் அன்னாசியும் வாழைத்தாரும் வைத்து உட்கார்ந்திருப்பவருக்கு அந்த விருந்தால் கிடைப்பது மிகச் சொற்பம். மலைக்கு மிஞ்சுவது எலும்பும் சாம்பலும் பிளாஸ்டிக்கும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு 14 வகை ஒருமுறை பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் தெர்மாகோல் தட்டும் அந்தப் பட்டியலில் உள்ளவை. ஆனாலும் சுற்றுலாக் கூட்டம் நின்ற இடங்களில் அவை கிடக்கின்றன. உடைந்த கண்ணாடி, விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் செருப்பில்லாமல் நடக்கும் பாதங்களைக் கிழிக்கிறது. உப்பும் எண்ணெயும் ஏறிய மிச்சத்துக்குப் பழகிய குரங்குகள் காட்டில் இரை தேடுவதை விட்டு ஊருக்குள் இறங்குகின்றன. பலாவையும் வாழையையும் நம்பியிருக்கும் குடும்பம் அதற்கு விலை கொடுக்கிறது.

மலையில் எறிந்தது மலையோடு நிற்பதுமில்லை. அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டி ஓடும் ஐயாறு, ஆகாய கங்கையாக விழுந்து, திருச்சி மாவட்டத்தின் புளியஞ்சோலை வழியாகக் காவிரியை நோக்கிச் செல்கிறது. மேலே ஆற்றங்கரையில் கழுவிய கிரில் கம்பியின் கொழுப்பும் எறிந்த எலும்பும் கீழே குழந்தைகள் குளிக்கும் நீரில்தான் சேரும். புளியஞ்சோலையிலும் குடும்பங்கள் அடுப்புக் கூட்டிச் சமைக்கின்றன. ஒரு விருந்தின் எச்சில் அடுத்த விருந்தின் தண்ணீராவதை எந்தத் தமிழ் வீடும் ஏற்காது.

மூன்று மறுப்புகளும் விடைகளும்

‘ஒரு கோழி சுட்டதாலா காடு அழிந்துவிடப் போகிறது?’ என்பது முதல் கேள்வி. ஒன்றால் அழியாது என்பது சரிதான். ஆனால் தீயைப் பொறுத்தவரை சராசரிக்குப் பொருளில்லை. ஆயிரம் அடுப்புகளில் 999 சரியாக அணைந்தாலும், மீதி ஒன்று போதும். சாலையில் எல்லோரும் தலைக்கவசம் போட வேண்டியிருப்பதும் இதே கணக்கால்தான். ‘மலை மக்களும் விறகெரிக்கிறார்கள், அவர்களை ஏன் கேட்பதில்லை?’ என்பது இரண்டாவது. அவர்களுடைய அடுப்பு வீட்டுக்குள் மண்ணால் மெழுகிய ஓர் இடத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார். காடு எரிந்தால் முதலில் இழப்பவர்களும் அவர்களே. எந்த மாதத்தில் எந்தப் பக்கம் காற்றடிக்கும் என்று அறிந்தவரின் தீயும், நேற்று வந்து நாளை போகிறவரின் தீயும் ஒன்றாகா.

மூன்றாவது மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வருகிறது: ‘முழுவதும் தடை செய்துவிட்டால் தொல்லை தீர்ந்ததே.’ இதுதான் வலுவான வாதம். கோடையில், காப்புக் காட்டில், சருகு மண்டிய ஓரங்களில் தடை வேண்டும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் மலை முழுவதும் ஆண்டு முழுவதும் தடை என்றால், சுடும் ஆசை உள்ளவர் கண்ணுக்குத் தெரியும் சாலையோரத்தை விட்டு, தெரியாத காட்டோரத்துக்குப் போவார். பிடிபடுவோமோ என்ற அச்சத்தில் அரைகுறையாக அணைத்துவிட்டு ஓடுவார். மறைவில் எரியும் தீயைவிட, பலர் பார்க்க எரியும் தீ எப்போதும் பாதுகாப்பானது. இடம் ஒதுக்கினால் கூட்டம் கூடும் என்ற அச்சத்துக்கும் விடை இதிலேயே இருக்கிறது. கூட்டம் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. இப்போது அது எந்த ஒழுங்கும் இல்லாமல் மலையெங்கும் சிதறி உட்காருகிறது.

வழி: ஊர் நடத்தும் அடுப்பு மேடை

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கறி சுடும் குழிகளை தேசியப் பூங்காக் கழகம் கட்டிவைத்திருக்கிறது. முன்பதிவு செய்து, கட்டணம் கட்டி, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இது பழகிய ஏற்பாடு. ஆஸ்திரேலியாவின் பல பூங்காக்களில் பொது மின் அடுப்பு மேடைகள் இலவசமாகவே உண்டு. ஆனால் முழுத் தீத்தடை அறிவித்த நாளில் வெட்டவெளியில் விறகோ கரியோ எரிப்பது கடுங்குற்றம். இடத்தை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, ஆபத்தான நாளில் மட்டும் மூடுவது என்ற எளிய கொள்கையே இரண்டு நாடுகளிலும் செயல்படுகிறது.

கொல்லிமலை ஒன்றியத்தில் 14 ஊராட்சிகள் உள்ளன. செம்மேடு, சோளக்காடு, வாசலூர்ப்பட்டி படகு இல்லம் போன்று மக்கள் கூடும் இடங்களுக்கு அருகே, மரமும் சருகும் இல்லாத திறந்த தளத்தில் கல்லும் சிமெண்டும் வைத்துப் பத்துப் பன்னிரண்டு மேடைகள் கட்டுவது பெரிய செலவாகாது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, சாம்பல் குழி, மூடியுள்ள குப்பைத்தொட்டி வேண்டும். அதை நடத்தும் பொறுப்பும் கட்டணமும் மலையின் மகளிர் குழுக்களுக்கே சேர வேண்டும். கரியையும் பாக்குமட்டைத் தட்டையும் அவர்களே விற்கலாம். மலை மிளகும் எலுமிச்சையும் அரைத்த மசாலா, தணலில் வாட்டத் தோதான கொல்லிமலை அன்னாசி, வாழை, சுட்ட பலாக்கொட்டை, கோயில் பக்கம் இப்போதே பலர் தேடிக் குடிக்கும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் என்று விருந்தின் பாதி மலையிலிருந்தே வரும். காசும் மலையில் தங்கும்.

நுழையும்போது ஒரு முன்பணம் வாங்கி, மேடையைச் சுத்தமாகத் திருப்பிக் கொடுத்தால் பணத்தையும் திருப்பித் தரலாம். இது நடக்குமா என்று ஐயப்பட வேண்டியதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2022இல் நீலகிரியில் மதுப்புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை தொடங்கியது. பத்து ரூபாய்க்காகப் புட்டி திரும்பி வருமானால், சில நூறு ரூபாய்க்காக எலும்பும் தட்டும் திரும்பி வரும். தங்கும் விடுதிகளுக்கு இதே விதியை உரிமத்தின் நிபந்தனையாகவே வைக்கலாம். தனி அடுப்பிடம், தீயணைப்பு மணல், இரவில் கடைசிக் கங்கு அணைந்ததைப் பார்த்துக் கையெழுத்திடும் ஒரு பணியாளர் ஆகிய மூன்றும் இல்லாத விடுதி ‘பார்பிக்யூ’ என்று விளம்பரம் செய்யக் கூடாது. மாசி முதல் கோடை மழை வரை, வனத்துறை ஆபத்து என்று சொல்லும் நாள்களில், மேடைகளையும் மூடிவிட வேண்டும்.

■ பெட்டிச் செய்தி 3: அடுப்பை விட்டு எழுமுன்

• கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கரி சேர்ப்பதை நிறுத்துங்கள்.
• தண்ணீர், கிளறல், மீண்டும் தண்ணீர். மண் போட்டு மூடுவது அணைப்பதாகாது.
• ஆறிய சாம்பலை மட்டும் பையில் கட்டுங்கள். குப்பைத்தொட்டியில் சூடான சாம்பல் தீயை மூட்டும்.
• கிரில் கம்பியை ஆற்றில் கழுவாதீர்கள். துடைத்து எடுத்துச் சென்று வீட்டில் கழுவுங்கள்.
• கொண்டுவந்த பொருள் அத்தனையும், எலும்பு உட்பட, வண்டியில் திரும்ப ஏற வேண்டும்.

விருந்தாளியின் கடமை

வன்பரணரின் பாட்டில் ஓரி தன் பெயரைக்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. பாடியவர்கள் ‘கோ’ (அரசன்) என்று விளித்தபோது நாணி நின்றான். வந்தவருக்குக் கறி தந்தான், மலையில் விளைந்த பொன்னும் தந்தான், பதிலுக்கு எதையும் கேட்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்த மலை விருந்தாளிக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. நிழலும் நீரும் குளிர்காற்றும் இன்றும் அது தருவதுதான். விருந்து உண்டவர் இலையை மடித்து எடுப்பது நம் வழக்கம். மலைக்குப் போகும்போது மட்டும் அதை மறப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

அடுப்பு மேடைகளைக் கட்டுவது அரசின் வேலை, நடத்துவது ஊராட்சியின் வேலை. இவை வரும்வரையிலும் வந்த பின்னும் வாசகர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இந்த விடுமுறைக்குக் கொல்லிமலை ஏறுகிறீர்களென்றால், அனுமதித்த இடத்தில் மட்டும் அடுப்பு மூட்டுங்கள். கறியைச் சுவைத்து உண்ணுங்கள். சாம்பலில் புறங்கை வைத்து, குளிர்ந்துவிட்டது என்று உறுதியாகும் வரை அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள்.